நான் வெட்டுகிறேன், நீ வெட்டுகிறாய்

1

“...என்னுடையதை வெட்டுகிறாய், உன்னுடையதை மட்டும் ஏன் வெட்டுவதில்லை?” என்று முடித்தாள் தணிகா.

என் மகள். ஏழு வயது. பிரெஞ்சில்தான் கேட்டாள். காகிதத்தில் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். கேள்வியின் முன்பாதி என் காதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பின்பாதி ஒரு சொல் விடாமல் புரிந்தது. என்னோடு பேசும்போது அவள் நேற்றையும் நாளையையும் விட்டுவிடுவாள். இன்றைக்கு நடப்பதைச் சொல்ல மட்டும்தான் எனக்குப் பிரெஞ்சு வரும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் போன குளிர்காலத்தில் நடந்ததைக்கூட இப்போது நடப்பது போலவே கேட்பாள். வெட்டுகிறாய். வெட்டுவதில்லை.

மூலையில் மதாம் பெர்னார் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். தகப்பனும் பிள்ளையும் பேசுவதைக் கவனித்துக் குறித்துக்கொள்வது அவர் வேலை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், பிரெஞ்சில் மட்டும். நீதிபதி போட்ட விதி அது. பதில் சொல்ல நான் வாய் திறந்தேன். ‘ஜெ’ என்று வந்தது. ‘ஜெ’ என்றால் ‘நான்’. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. திரும்பவும் ‘ஜெ’ என்றேன். பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. தணிகா கூரைக்குச் சிவப்பு அடித்து முடித்தாள். நேரமாகிவிட்டது.

அடுத்த சந்திப்புதான் கடைசி. அதன் பிறகு மதாமின் அறிக்கை நீதிபதிக்குப் போகும். நல்லவிதமாக எழுதினால் வார இறுதிகளில் என் பிள்ளை மறுபடி என் வீட்டுக்கு வருவாள். இல்லையென்றால் இந்த அறைதான், இந்த ஒரு மணி நேரம்தான். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கடைசிச் சந்திப்பும் நடந்து முடிந்துவிட்டது. அறிக்கை இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் சந்தோஷத்தில் ஒன்று சொல்வேன், ஆத்திரத்தில் வேறொன்று சொல்வேன். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொண்ணூறுகளில் திருத்தணி ரயில் நிலையத்து வாசலில் மலைக்கு ஆட்டோ பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் முகம் மறந்திருந்தாலும் என் வாய் ஞாபகம் இருக்கும். நான் பக்கத்துக் கிராமம், கே.ஜி.கண்டிகைக்காரன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. மீதிப் படிப்பெல்லாம் பின் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் கொடுத்தது.

தெலுங்கு எனக்கு அப்படித்தான் வந்தது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் சொல்வதை, வண்டி மலை ஏறி முடிப்பதற்குள் நாலு தடவை திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். தப்பாகச் சொன்னால் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சரியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். கன்னடத்தில் விலை பேசவும், இந்தியில் வழி சொல்லவும் இதே மாதிரிதான் பழகினேன். ஒருநாள் ஒரு நகரி அம்மா, நான் மூச்சு விடாமல் பேசியதைப் பொறுக்க முடியாமல், “நோரு மூஸ்தே பண்டி ஆகிபோதுந்தேமோ” என்றார். வாயை மூடினால் வண்டி நின்றுவிடுமோ என்னவோ என்கிறார். அந்த வாக்கியத்தை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். யார் எதை அழகாகச் சொன்னாலும் எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். சில்லறையைத் தொலைப்பேன், சொன்ன சொல்லைத் தொலைக்க மாட்டேன்.

ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டி ஏழுமலையுடையது. நான் பிரான்சுக்குப் போகிறேன் என்றதும் அவன் கவலையே படவில்லை.

“இவன் இன்னாத்துக்கு பயப்படணும்? ஏரோப்ளேன் எறங்கறதுக்குள்ள பிரெஞ்சு பேசிகினு போவான் பாரு.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். மொழி என்பது கூட வருகிறவர்களிடமிருந்து தானாக ஒட்டிக்கொள்வது என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, மெட்ரோ ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நூறு பேர் இருக்கும் பெட்டியில் கேட்பது சக்கரச் சத்தம் மட்டும்தான். யாரிடமிருந்து ஒட்டிக்கொள்வது?

3

என் மனைவி விமலா புதுச்சேரிக் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அம்மாவுக்கு எங்கள் பக்கத்துத் திருவாலங்காடு. அந்த வழியில்தான் எங்கள் சம்பந்தம் அமைந்தது. விமலா சின்னப் பிள்ளையிலேயே பிரான்சுக்கு வந்துவிட்டவள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. நான் வந்த முதல் வாரமே சொன்னாள்.

“கிளாஸ்ல சேந்துடு. அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா அப்படியே போயிடும்.”

“ஆறு மாசம் குடு. அதுவா வரும்.”

அதுவாக வரவில்லை. ரொட்டிக் கடையில் விரலால் காட்டுவேன். கடைக்காரம்மா ‘கூப்பே?’ என்று கேட்பார். ‘வுய்’ என்பேன். ‘வுய்’ என்றால் ‘ஆங்’. உடனே ரொட்டியை இயந்திரத்தில் கொடுத்துத் துண்டு துண்டாக வெட்டித் தந்துவிடுவார். வெட்டவா என்றுதான் கேட்டிருக்கிறார். விமலாவுக்கு முழு ரொட்டிதான் பிடிக்கும். அப்படியும் மாதக்கணக்கில் வெட்டிய ரொட்டியைத்தான் வாங்கி வந்தேன். ‘வேண்டாம்’ என்று சொன்னால் மேலே ஏதாவது கேட்பார்களே என்ற பயம்.

பிரெபெக்தூர் என்று ஒரு அலுவலகம் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க அங்கேதான் போக வேண்டும். இருட்டு விலகுவதற்கு முன்பே வரிசை நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். நான் விமலாவைப் பார்ப்பேன். அடுத்த கேள்வியிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். அவர் வேலை செய்கிறாரா? அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா? அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? நான் அங்கேயே, விமலாவின் தோள் இடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். ‘இல்’ என்றால் ‘அவர்’. வருடக்கணக்கில் நான் இந்த நாட்டில் ‘இல்’ ஆகவே இருந்தேன்.

நாங்கள் பிரிந்ததற்குப் பெரிய சண்டை எதுவும் காரணமில்லை. மருத்துவமனை, வங்கி, வீட்டுக்காரர், மின்சாரம் என்று எல்லா இடத்திலும் என் வாயாக அவளே இருந்தாள். ஒருநாள் வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்.

“பொண்ணுக்கு அம்மாவா இருக்க முடியுது. புருஷனுக்கு வாயா இருக்க முடியல. எனக்கு முடியலப்பா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். களைப்பாகச் சொன்னாள். தணிகா வார நாட்களில் அவளிடமும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு என்னிடமும் இருப்பது என்று முடிவாயிற்று.

4

தணிகாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்தது. விமலா வேலையில் இருந்தாள். ஆம்புலன்சில் நான்தான் போனேன். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் என் எதிரே குனிந்து, நிதானமாக, அக்கறையாக ஏதோ சொன்னார். முகத்தை வைத்து நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘வுய்’ என்றேன். அவர் திரும்பவும் சொன்னார். திரும்பவும் ‘வுய்’ என்றேன். அவர் போன பிறகு சுவரைப் பார்த்துத் தமிழில் பேசினேன். முருகா, இந்தப் புள்ள எழுந்து உக்காந்தா இவ முடி உன்னுது.

எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் ஊருக்குப் போய் மலையில் முடி இறக்க வாய்க்கவே இல்லை. ஒரு வருடம் விமலாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, ஒரு வருடம் எனக்கு வேலையே இல்லை. தொலைபேசியில் என் அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்பார், “இன்னாடா, சாமிக்கே நாள் சொல்லிகினு இருக்க?”

போன குளிர்காலத்தில், என்னிடம் இருந்த ஒரு சனிக்கிழமை, அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. நெற்றியில் கை வைத்தவுடன் எனக்குப் பழைய ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. நாட்காட்டியைப் பார்த்தால் மறுநாள் கிருத்திகை. விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. இனிமேல் ஒத்திப்போடக் கூடாது என்று தோன்றியது. விமலாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை.

குளியலறையில் சூடு போட்டு, ஸ்டூலில் உட்கார வைத்தேன். மலையில் முடி இறக்குகிறவர்கள் செய்வதை ஆயிரம் முறை பார்த்தவன் நான். தலையை நன்றாக நனைத்து, முன் உச்சியிலிருந்து ஆரம்பித்து, பின்பக்கமாக.

“வலிக்குமா நைனா?” அப்போதெல்லாம் என்னிடம் தமிழ்தான் பேசுவாள்.

“வலிக்காது கண்ணு. சில்லுனு இருக்கும்.”

தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த சந்தனத்தைக் கரைத்து இரண்டு கையாலும் பூசினேன். காய்வதற்காக உச்சந்தலையில் ஊதினேன். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னொரு வாட்டி ஊது நைனா.” ஊதினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “முட்டையாயிட்டேன்” என்றாள். முடியை மஞ்சள் துணியில் கட்டி, ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்ப எடுத்து வைத்தேன். நாலு வருடப் பாரம் அன்றைக்கு இறங்கியது. உண்மையாகவே நிம்மதியாகத் தூங்கினேன்.

திருத்தணியில் பஸ் ஏறினால் எட்டுத் தலையில் மூன்று மொட்டை. ஆணா பெண்ணா, கிழமா குழந்தையா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டுதல் என்ற சொல்லைக்கூட யாரும் சொல்ல வேண்டியதில்லை, சந்தனம் சொல்லிவிடும். இந்த ஊரில் பெண் குழந்தையின் மொட்டைத் தலை சொல்வது வேறு. தீராத நோய். இல்லையென்றால் தண்டனை. திங்கட்கிழமை காலையில் நான்தான் அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டேன். கம்பளித் தொப்பி போட்டுத்தான் விட்டேன். வகுப்புக்குள் தொப்பி போடக் கூடாது என்பது எனக்குத் தெரியாது.

தலைமை ஆசிரியை முதலில் எனக்குத்தான் போன் செய்தார். குழந்தைக்கு நோயா? வுய் என்றேன், காய்ச்சலைச் சொல்கிறார் என்று. நீங்கள் செய்ததா? வுய். அம்மாவுக்குத் தெரியுமா? வுய் என்றேன், மறுபடி. பிறகு அவர் விமலாவைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் விமலா என் கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை.

“கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு உனக்குத் தெரியும். அதான் கேக்கல.”



5

விமலா போட்ட வழக்கில், நீதிமன்றத்தில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். நான் ஆம்புலன்சில் ஆரம்பித்தேன். டாக்டர், சுவர், மலை, படிகள், ஆடிக் கிருத்திகைக் கூட்டம், எங்கள் ஊரில் மொட்டை என்றால் அது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, நீதிபதி பக்கம் திரும்பி இரண்டே வரி சொன்னார்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“விசயம் அவ்வளவுதான் அண்ணை,” என்றார் மெதுவாக.

நீதிபதி கெட்டவர் இல்லை. மத வழக்கம் என்பது புரிகிறது என்றார். பிள்ளைக்கு இது பிடித்திருந்ததா என்று கேட்டார். சிரித்தாள் என்றேன். பள்ளிக்கூடத்தில் சிரித்தாளா என்று கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பாளரே தலை குனிந்துகொண்டார். மதிய இடைவேளையில் தணிகா கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள் என்று பள்ளிக்கூடம் அனுப்பிய காகிதத்தில் இருந்தது.

பிள்ளையை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேனோ என்று விமலாவின் வக்கீல் பயந்தார். அதனால்தான் கண்காணிப்பு அறை. அங்கே நாங்கள் பேசுவது கவனிக்கிறவருக்குப் புரிய வேண்டும். அதனால்தான் பிரெஞ்சு. நியாயமான ஏற்பாடு என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம். பிரெஞ்சில். என் மகளோடு.

6

நான் ஒரு பெரிய அலுவலகத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவுகிறேன். என்னோடு கழுவுகிறவர் பக்காரி, மாலி நாட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். விஷயத்தை அரைகுறையாகச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. “உன் வாய்க்குச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாது. கைக்குச் சொல்லித் தருகிறேன்,” என்றார்.

தட்டை நீட்டுவார். து ப்ரான்? நீ எடுக்கிறாயா? நான் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டும், ஜெ ப்ரான், நான் எடுக்கிறேன். இயந்திரத்தைக் காட்டுவார். இல் லாவ், அது கழுவுகிறது. இருவரும் சேர்ந்து தூக்கும்போது நூ போர்த்தோன், நாம் தூக்குகிறோம். சரியாகச் சொல்லும்வரை அடுத்த தட்டு வராது. சமையல்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் ஏதோ பிரார்த்தனை செய்கிறோம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கடையில் தணிகாவின் வகுப்புக்கான வினைச்சொல் புத்தகத்தை வாங்கினேன். அட்டையில் முன்பல் விழுந்த ஒரு பிள்ளை சிரிக்கிறது. உள்ளே கட்டம் கட்டமாக நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். நம் ‘போ’ எவ்வளவு நேர்மையானது என்று அப்போதுதான் தெரிந்தது. போகிறேன், போகிறாய், போகிறார்கள். வால்தான் மாறும், தலை அப்படியே நிற்கும். இங்கே ஜெ வே, து வா, நூஸ் அலோன், இல் வோன். நான் போனால் ஒரு முகம், நாம் சேர்ந்து போனால் வேறு முகம். அடையாளமே தெரியாது. ‘து வா’ என்றால் ‘நீ போகிறாய்’ என்று அர்த்தம். அந்த அறையில் நான் தப்பில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நேரம் முடிந்து விமலா வந்து நின்றபோது என் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன், து வா.

முதல் சந்திப்பில் என்னிடம் இருந்த வாக்கியங்கள் சீக்கிரம் தீர்ந்துபோயின. நீ சாப்பிடுகிறாயா? வுய். நீ தூங்குகிறாயா? வுய். பள்ளிக்கூடம் பிடிக்கிறதா? தோளைக் குலுக்கினாள். எத்தனை பேர் என்னை வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். இப்போது என் பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறது, என் வாய்க்குள் ஒன்றுமில்லை. தணிகா என்னை ‘நைனா’ என்று கூப்பிடவில்லை. ‘பப்பா’ என்றாள். விதிப்படி நடக்கிற பிள்ளை.

அடுத்த முறை அவள் வீட்டுப்பாடம் கொண்டுவந்திருந்தாள். அதே புத்தகம். அதே அட்டை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் ‘ஜெ ஸ்வி’ என்றாள், நான் இருக்கிறேன். நான் ‘து எ’ என்றேன், நீ இருக்கிறாய். அவள் ‘இல் எ’ என்றாள். ‘நூ சோம்’ என்று நான் முடித்தேன், நாம் இருக்கிறோம். மதாம் பெர்னார் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தார். இப்படியே சில சனிக்கிழமைகளை ஓட்டினோம். பேச ஒன்றும் இல்லாதபோது வினைச்சொல் சொல்வோம். யாராவது வெளியே நின்று கேட்டிருந்தால் ஒரு வகுப்பறை என்று நினைத்திருப்பார்கள். நான் தூங்குகிறேன், நீ தூங்குகிறாய். நான் அழுகிறேன், நீ அழுகிறாய். கட்டத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அழுவதும் தூங்குவதும்.

ஒருநாள் அவள் நாற்காலியிலிருந்து குதிக்கப்போய் முழங்காலில் அடிபட்டுக்கொண்டாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. “ஐயோ, அடடா கண்ணு, காட்டு காட்டு” என்று நான் எழுந்துவிட்டேன். மதாம் பென்சிலால் மேசையை மெல்லத் தட்டினார். “பிரெஞ்சில், முசியே.” கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லத்தானே வேண்டும். நான் நடு அறையில் நின்றேன். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த வினைச்சொல் எனக்கு வரவில்லை. புத்தகத்தில் இருந்திருக்கும், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தணிகா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையால் முழங்காலை மூடிக்கொண்டு, எனக்குப் புரிகிற பிரெஞ்சில் சொன்னாள், ஒன்றுமில்லை பப்பா. ஒன்றுமில்லை.

இங்கே வந்து இத்தனை வருடத்தில் நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான், வீட்டுக்கு வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

7

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. என்னுடையதை வெட்டுகிறாய், உன்னுடையதை ஏன் வெட்டுவதில்லை?

முதலில் எனக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. வேண்டிக்கொண்டது உன் முடியைத்தான், என் முடியை இல்லை. பக்காரியிடம் கேட்டு அதைப் பிரெஞ்சில் கட்டியும் பார்த்தேன். அவர் தட்டை நீட்டாமல் நின்றார். “இது பாதிரியாருக்குச் சொல்லும் பதில். பிள்ளைக்கு என்ன சொல்வாய்?”

ஊரில் பிள்ளைக்கு மொட்டை போடும்போது தகப்பனும் கூடச் சேர்ந்து போட்டுக்கொள்வது சாதாரணம். அன்று குளியலறையில் எனக்கும் அது தோன்றாமல் இல்லை. பிளேடு கையில்தான் இருந்தது. வேண்டாம் என்று வைத்தேன். ஏன் என்றால், திங்கட்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் சமையல்காரர் கேட்பார், மேலாளர் கேட்பார், இதென்ன, எதற்காக என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. அந்த ஒரு பயத்தில் என் தலையைக் காப்பாற்றிக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளையைத் தொப்பி போட்டு அனுப்பினேன், எல்லோருக்கும் அவளே பதில் சொல்லட்டும் என்று. கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஐந்து வாக்கியங்கள் எழுதினேன். எனக்குப் பயம். எனக்குப் பேசத் தெரிவதில்லை. அவர்கள் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. நீ பதில் சொல்கிறாய். பக்காரி வால்களைத் திருத்திக் கொடுத்தார். தட்டு கழுவும்போது சொன்னேன், பேருந்தில் சொன்னேன். ஆனால் சொல்லச் சொல்ல, இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு தலை நிறைய முடியோடு அவள் எதிரே போய் உட்கார முடியாது என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

“நாளைக்கு மொட்ட அடிச்சிகினு போறேன்டா.”

“அந்தம்மா எழுதப்போவுதுன்னியே, அதுக்கா? இன்னா எழுதும்?”

“தெர்ல. இவன் இன்னும் திருந்தலன்னு எழுதலாம்.”

“தெரிஞ்சே எதுக்குடா போறே? ஒரு வாரம் கழிச்சி அடிச்சிக்கயேன்.”

“பாப்பா கேட்டுச்சுடா.”

ஸ்டாண்டில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பிறகு கேட்டான், “சந்தனம் வெச்சிருக்கியா?”

“தீந்துபோச்சு. கடைக்குப் போவ நேரமில்ல.”

“வெறும் மொட்டையா? பனி புடிச்சிக்கும்டா.” அதற்குப் பிறகு, சிரிக்க முயன்றான். “உன் வாய மூட வைக்கணும்னு நாங்க எல்லாரும் வேண்டிகினு இருந்தோம். இப்டி ஆவும்னு யாரு கண்டா.”

அதே குளியலறை, அதே ஸ்டூல். தலையை நனைத்து, முன் உச்சியிலிருந்து, பின்பக்கமாக.

சனிக்கிழமை கம்பளித் தொப்பியோடு போனேன். தணிகா முன்னாலேயே வந்து, வண்ண மேசையருகே உட்கார்ந்திருந்தாள். அவள் முடி இப்போது காதுவரை வளர்ந்துவிட்டது. பொன்ழூர் பப்பா என்றாள். மதாம் பெர்னார் காகிதத்தைப் புரட்டி, தேதி எழுதினார். உள்ளே சூடாக இருக்கிறது, தொப்பியைக் கழற்றலாமே என்றார்.

முதலில் ஐந்து வாக்கியங்களையும் சொல்லிவிட்டுப் பிறகு கழற்றுவது என்றுதான் நினைத்திருந்தேன். கை முந்திக்கொண்டது. தொப்பி மடியில் விழுந்தது. மதாமின் பென்சில் நின்றுவிட்டதை, பார்க்காமலே உணர்ந்தேன். தணிகா என் தலையைப் பார்த்தாள். வாக்கியங்களைத் தேடினேன். அத்தனை நாள் தட்டோடு தட்டாக அடுக்கியது, ஒன்றும் இல்லை. கடைசியில் கிடைத்தது முதலாவது மட்டும்தான்.

“ஜே பெர்,” என்றேன். எனக்குப் பயம்.

அவள் மதாமைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, மஞ்சள் வண்ண பாட்டிலைத் திறந்து, தட்டில் ஊற்றினாள். இரண்டு கையையும் அதில் முக்கி எடுத்தாள். என் பின்னால் வந்து இன்னொரு நாற்காலியை முழங்காலால் தள்ளிப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றாள். சொட்டுச் சொட்டாக என் சட்டைக் காலரில் விழுந்தது. குளிர்ந்த இரண்டு உள்ளங்கைகள் என் முன் உச்சியில் பட்டன. அங்கிருந்து பின்பக்கமாக, ஒரு இடம் விடாமல், காதுக்குப் பின்னாலும் பூசினாள். பூசி முடித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அது காய்வதற்காக உச்சந்தலையில் மெதுவாக ஊதினாள்.